நல்ல பாடம் எங்கே தெரியும்? காரைக்கால் கல்லூரிகளுக்கு ஒரு நடைமுறை

காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். திருநள்ளாற்றில் பஸ் ஏறியவர் டி.ஆர். பட்டினம் தாண்டி அரைத் தூக்கம் போடுவதற்குள் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். இந்தச் சின்ன நிலத்துக்குள் உயர்கல்வி நிறுவனங்கள் அடர்ந்து இருக்கின்றன. 2010இல் உருவாகித் திருவேட்டக்குடியில் இயங்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகம், செருமாவிலங்கையில் 1987இல் தொடங்கிய பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி, 2016இல் வந்த ஜிப்மர் கிளை, புதுவைப் பல்கலைக்கழகத்தின் காரைக்கால் வளாகம், அறிஞர் அண்ணா அரசு கலை அறிவியல் கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி, பெருந்தலைவர் காமராஜர் பெயரிலான பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் என்று பட்டியல் நீளும்.

எல்லாம் அருகருகே இருந்தாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு மேலிடத்துக்குப் பதில் சொல்கிறது. ஒன்று டெல்லியின் கல்வி அமைச்சகத்துக்கு, ஒன்று சுகாதார அமைச்சகத்துக்கு, இன்னும் சில, நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கும் புதுச்சேரி அரசுக்கு. ஆகவே ஒரு கல்லூரியில் யார் நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்பது அடுத்த கல்லூரிக்குத் தெரிவதில்லை. பல சமயம் அடுத்த அறைக்கே தெரிவதில்லை. மாணவர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். சீனியர்கள் ஜூனியர்களிடம் விடுதியில் சொல்வார்கள்: "அவங்க பேப்பரை எலெக்டிவ்வா எடு, கஷ்டமா இருக்கும், ஆனா கத்துக்குவே." அந்தப் பேச்சு அலுவலகக் கோப்புக்கு வந்து சேர்வதே இல்லை.

துறைத்தலைவர், முதல்வர், உள் தர உறுதிப்பாட்டுக் குழுவின் (ஐ.க்யூ.ஏ.சி.) பொறுப்பாளர் ஆகியோருக்காகவும், தன் பாடம் மாணவருக்குள் இறங்குகிறதா என்று உள்ளூரக் கவலைப்படும் ஆசிரியருக்காகவும் இந்த அத்தியாயம். இதில் சொல்ல வருவது ஒன்றுதான். கற்பித்தலின் தரத்தை மாணவர் செய்த வேலையில்தான் தேட வேண்டும். கண்டுபிடித்த பிறகு அந்த ஆசிரியருக்குத் தர வேண்டியது நேரமும் துணையும்.

இப்போது எதை எண்ணுகிறோம்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள்தான் பெரும்பாலான கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு அடிப்படை. அதில் கற்பித்தலுக்கென்று ஒரு வரிசை உண்டு. ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் 'நன்று'. 70க்கும் 80க்கும் இடையில் இருந்தால் 'திருப்தி'. 70க்குக் கீழே போனால் 'திருப்தியில்லை'. இந்த அளவுகோலை நான் குறை சொல்லவில்லை. வகுப்புக்கே வராத ஆசிரியர் இருந்தால் அவரைப் பிடிக்க இது வேண்டும். ஆனால் வயலில் எத்தனை மூட்டை உரம் போட்டோம் என்பதை எழுதி வைத்துவிட்டு அதையே மகசூல் என்று சொல்ல முடியாது. எடுத்த வகுப்புகளின் எண்ணிக்கை இடுபொருள் கணக்கு மட்டுமே.

தேசிய தரவரிசைப் பட்டியலான என்.ஐ.ஆர்.எஃப்.பில் 'கற்பித்தல், கற்றல், வளங்கள்' என்ற தலைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. உள்ளே பார்த்தால் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர்-மாணவர் விகிதம், முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள், செலவிட்ட பணம் இவைதான் முதன்மையாக நிற்கின்றன. எல்லாம் தேவையான தகவல்கள். ஒரு குறிப்பிட்ட வகுப்பில் ஒரு பெண் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டாளா என்பது இவற்றில் தெரியாது.

விருது பக்கம் வருவோம். தேசிய நல்லாசிரியர் விருதில் 2023 முதல்தான் உயர்கல்வி ஆசிரியர்களும் பாலிடெக்னிக் ஆசிரியர்களும் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஆண்டு 75 பேருக்கு விருது கிடைத்தது. அவர்களில் 50 பேர் பள்ளி ஆசிரியர்கள், 13 பேர் உயர்கல்வியைச் சேர்ந்தவர்கள், மீதி 12 பேர் தொழிற்பயிற்சித் துறையினர். இந்தியா முழுவதற்கும் பதின்மூன்று. வேளாண் ஆசிரியர்களுக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தரும் சிறந்த ஆசிரியர் விருது தனியாக இருக்கிறது. இவற்றைப் பெற்றவர்கள் தகுதியானவர்களே. செருமாவிலங்கையில் மண்ணியல் நடத்தும் ஒருவருக்கோ, அவ்வையார் கல்லூரியில் கணிதம் நடத்தும் ஒருவருக்கோ அடுத்த திங்கட்கிழமை வகுப்பை இன்னும் நன்றாக நடத்த இந்த விருதுகள் உதவப் போவதில்லை. அந்த உதவி உள்ளூரில்தான் கிடைத்தாக வேண்டும்.

முதலில் கேள்வித்தாளைப் பாருங்கள்

ஒரு ஆசிரியரைப் பற்றி அறிய விரும்பினால், அவர் வகுப்புக்குப் போய் உட்காருவதற்கு முன்பே அவருடைய இன்டர்னல் தேர்வுக் கேள்வித்தாள்கள் மூன்றை வாங்கிப் படியுங்கள். அரை மணி நேரம் போதும். என்னைக் கேட்டால், கற்பித்தலைப் பற்றி இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு உண்மை சொல்லும் ஆவணம் வேறில்லை.

காரைக்கால் காவிரியின் கடைமடை. 2007இல் வந்த நடுவர் மன்றத் தீர்ப்பில் புதுவைக்கு ஒதுக்கப்பட்ட 7 டி.எம்.சி. தண்ணீரை நம்பியிருக்கும் வயல்கள் இவை. கடலோரத்தில் உவர் ஏறிய நிலங்கள் நிறைய. ஆகவே இங்கே வேளாண்மை படிக்கும் மாணவருக்கு உவர்மண் முக்கியமான பாடம். "உவர் மண்ணின் பண்புகளையும் சீர்திருத்த முறைகளையும் விவரி" என்று ஒரு ஆசிரியர் கேட்கலாம். எல்லோரும் எழுதுவார்கள், மார்க் விழும். இன்னொரு ஆசிரியர் இப்படிக் கேட்கலாம்: "ஒரு வயலின் மண் பரிசோதனையில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 5.2 டெசிசைமன், பி.எச். 8.1. சம்பா அறுத்ததும் உளுந்து தெளிக்கலாம் என்று விவசாயி நினைக்கிறார். நீங்கள் அவரிடம் என்ன சொல்வீர்கள்? சொல்வதற்கு முன் இன்னும் என்ன தகவல் கேட்பீர்கள்?"

இரண்டாவது கேள்விக்கு வரும் விடைகளைப் படித்தால் வகுப்பில் நடந்தது அப்படியே தெரியும். மனப்பாடம் செய்தவர் உடனே "ஏக்கருக்கு இத்தனை கிலோ ஜிப்சம்" என்று எழுதிவிடுவார். ஜிப்சம் களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் மிகுந்த மண்ணுக்கு வேண்டிய மருந்து. இங்கே பி.எச். 8.5க்குக் கீழே, மின்கடத்துதிறன் 4க்கு மேலே. வெறும் உவராக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் நல்ல தண்ணீர் கட்டி, உப்பைக் கரைத்து, வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும். பாடத்தை உள்வாங்கிய மாணவி, பரிமாற்ற சோடிய சதவீதம் எவ்வளவு என்று முதலில் கேட்பாள். வடிகால் வாய்க்கால் ஓடுகிறதா, தூர்ந்து கிடக்கிறதா என்று அடுத்துக் கேட்பாள். உளுந்து உப்பைத் தாங்காது என்பதும் அவளுக்கு நினைவிருக்கும். கேள்வி கேட்கத் தெரிந்த அந்த மாணவிக்குப் பின்னால் ஒரு நல்ல ஆசிரியர் இருக்கிறார்.

வணிகவியலிலும் இப்படிச் செய்யலாம். பணப்பாய்வு அறிக்கை என்றால் என்ன என்று கேட்பதைவிட, காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவரின் ஓராண்டு வரவுசெலவைக் கொடுத்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் கடன் தவணையை அவர் எப்படிக் கட்டுவார் என்று கேட்பது வேறு ரகம். மாணவர்களில் பலர் அந்தக் குடும்பங்களிலிருந்தே வருகிறார்கள். வீட்டில் தெரிந்த விஷயம் வகுப்பில் கேள்வியாக வரும்போது, அதுவரை வாய் திறக்காதவர் வாய் திறப்பார்.

கேள்வித்தாளுக்கு அடுத்து விடைத்தாள். ஒரே மாணவரின் முதல் இன்டர்னல் தாளையும் கடைசி இன்டர்னல் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மதிப்பெண்காரர்களின் தாளை விட்டுவிடுங்கள், அவர்கள் யார் நடத்தினாலும் எழுதிவிடுவார்கள். நடுவில் இருக்கும் ஐந்து பேர், அடியில் இருக்கும் ஐந்து பேர் போதும். ஆசிரியர் சிவப்பு மையில் வெறும் டிக் போட்டிருக்கிறாரா, ஒரு வரி எழுதியிருக்கிறாரா, அந்த வரியை மாணவர் அடுத்த தாளில் எடுத்துக்கொண்டாரா என்று பாருங்கள். அரியர் வைத்திருந்த ஒருவர் இரண்டு தாள்களுக்கிடையே எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்பதுதான் ஆசிரியரின் உழைப்புக்கு நேரான சான்று.

செய்முறைப் பாடங்களில் ரெக்கார்டு நோட்டு. அழகாக அட்டை போட்டு, எல்லோருக்கும் ஒரே முடிவு வந்திருக்கும் நோட்டு எதையும் சொல்லாது. "எதிர்பார்த்த அளவு வரவில்லை, பியூரெட்டில் காற்றுக்குமிழி இருந்திருக்கலாம், மறுபடி செய்தேன்" என்று எழுதியிருக்கும் நோட்டைக் கண்டால், அப்படி எழுதினால் மார்க் குறையாது என்ற நம்பிக்கையை யாரோ அந்த ஆய்வகத்தில் உண்டாக்கியிருக்கிறார்கள். அவரைத் தேடிப் பாராட்டுங்கள்.

வேளாண் படிப்பில் ராவே என்று மாணவர்கள் சொல்லும் ஊரகப் பணி அனுபவத் திட்டம் உண்டு. இறுதியாண்டில் கிராமங்களுக்குப் போய், விவசாயிகளோடு பழகி, பங்கேற்பு முறையில் ஊர் வரைபடம் போட்டு, விதை நேர்த்தி போன்றவற்றைச் செய்து காட்டுவார்கள். செய்து காட்டுவது எளிது, படம் எடுத்துப் பத்திரிகைக்கும் அனுப்பலாம். அங்கே நீங்கள் போனால் மாணவர் பேசுவதைக் கேட்பதோடு, விவசாயி பேசும்போது மாணவர் என்ன செய்கிறார் என்றும் பாருங்கள். குறித்துக்கொள்கிறாரா? "ஏன் இந்த மடையை மட்டும் அடைச்சிருக்கீங்க?" என்று கேட்கிறாரா? "தெரியலைங்க, எங்க சாரைக் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்கிறாரா, சொன்னபடி திரும்பி வந்தாரா? ஒரு மாதம் கழித்து அதே விவசாயியிடம் இரண்டு கேள்வி கேட்டால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டிலேயே முதலாவது, 1974இல் புதுச்சேரியில்தான் தொடங்கியது. விவசாயியிடமிருந்து திரும்பி வரும் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கும் வழக்கம் இந்தப் பிரதேசத்துக்குப் பழையது, கல்லூரிகளும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மாணவரிடம் கேட்பது

ஃபீட்பேக் படிவம் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. ஆசிரியர் பெயருக்கு எதிரே ஒன்று முதல் ஐந்து வரை போடச் சொல்கிறோம், சராசரி எடுக்கிறோம், அதைக் கோப்பில் வைக்கிறோம். அந்த சராசரியை வைத்துச் சிறந்த ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன். காரணம் இருக்கிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஒரு ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு பிரிவுக்குத் தேர்ந்த ஆசிரியரின் சரளமான விரிவுரை. இன்னொரு பிரிவுக்கு அதே பாடம், ஆனால் மாணவர்களே சிறு குழுக்களாகக் கணக்குகளோடு போராட வேண்டும். பிறகு வைத்த தேர்வில் போராடியவர்களே அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் "எவ்வளவு கற்றதாக நினைக்கிறீர்கள்" என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்களே அதிகம் கற்றதாக நினைத்தார்கள். சுகமாகக் கேட்டது கற்றதாகத் தோன்றுகிறது. சிரமப்பட்டுக் கற்றவருக்கோ ஒன்றும் புரியாதது போலத் தோன்றுகிறது. அப்படியானால் மதிப்பெண் சராசரி, மாணவரை உழைக்க வைக்கும் ஆசிரியருக்கு எதிராகவே சாயும்.

இன்னொரு சாய்வு ஆசிரியைகள் பற்றியது. 2015இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் ஆன்லைன் வகுப்பு ஒன்றில் ஆசிரியர்களின் பெயரை மட்டும் மாற்றிக் காட்டினார்கள். ஆண் பெயரில் தெரிந்தவருக்கு மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள், உண்மையில் நடத்தியவர் யாராக இருந்தாலும். நம் ஊரில் அப்படி நடக்காது என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆனாலும் மாணவரிடம் கேட்கத்தான் வேண்டும். மதிப்பெண் போடச் சொல்லாமல் விஷயத்தைக் கேளுங்கள். செமஸ்டரின் நான்காவது அல்லது ஐந்தாவது வாரம் அரைத்தாள் துண்டு ஒன்று கொடுங்கள். பெயர் வேண்டாம். "இதுவரை நடத்தியதில் எது இன்னும் புரியவில்லை? வகுப்பில் எது உங்களுக்கு உதவுகிறது?" இரண்டே கேள்விகள். தமிழில் எழுதலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் குழப்பத்தைத் தாய்மொழியில்தான் துல்லியமாகச் சொல்ல முடியும். என்.ஐ.டி. போன்ற இடங்களில் தெலுங்கிலோ இந்தியிலோ எழுத விரும்புபவர்களும் இருப்பார்கள், அதற்கும் வழி செய்யுங்கள். துண்டுகளை ஆசிரியர் மட்டும் படிக்கட்டும். அடுத்த வகுப்பில் "இத்தனை பேர் இது புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், இன்று அதை மறுபடி பார்ப்போம்" என்று அவர் சொல்லிவிட்டால், அடுத்த முறை மாணவர்கள் உண்மையை எழுதுவார்கள். செமஸ்டர் முடிந்த பிறகு கேட்கும் ஃபீட்பேக்கால் அந்த மாணவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

படித்து முடித்துப் போனவர்களிடமும் கேளுங்கள். இரண்டு வருடம் வேலை பார்த்தவர் "யாருடைய பாடம் இப்போது கைகொடுக்கிறது?" என்ற கேள்விக்குச் சொல்லும் பெயர், படிக்கும்போது அவர் சொன்ன பெயராக இருக்காது. மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் பழைய மாணவர்களைக் கல்லூரிக்கு ஒரு மாலை அழைத்துப் பேசினாலே போதும்.

வகுப்பில் போய் உட்காருவது

இதற்குத்தான் எல்லோரும் தயங்குவார்கள். துறைத்தலைவர் நோட்டோடு பின்பெஞ்சில் உட்கார்ந்தால் அது இன்ஸ்பெக்‌ஷன் ஆகிவிடும். ஆசிரியர் அன்று மட்டும் பவர்பாயிண்ட் போடுவார், மாணவர்கள் அன்று மட்டும் கையைத் தூக்குவார்கள். ஆகவே பதவி உயர்வில் கை வைக்கக்கூடியவர் போகக் கூடாது. ஒத்த நிலையில் இருப்பவர் போகட்டும், முடிந்தால் வேறு கல்லூரியிலிருந்து.

காரைக்காலுக்கு வாய்த்த பெரிய வசதி இது. சென்னையில் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வர அரை நாள் போய்விடும். இங்கே வேளாண் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஸ்கூட்டரில் திருவேட்டக்குடிக்குப் போய் ஒரு பீரியட் பார்த்துவிட்டுத் தன் அடுத்த பீரியடுக்குத் திரும்பிவிடலாம். இன்னொருவரின் துறை தெரியாமல் இருப்பதும் நல்லதுதான். பாடம் தெரிந்தவர் பாடத்தின் சரிதவறைக் கவனிப்பார். தெரியாதவர் மாணவர்களைக் கவனிப்பார். பத்தாவது நிமிடத்தில் எத்தனை பேர் எழுதுவதை நிறுத்தினார்கள், ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருந்தார், பதில் சொன்னவர்கள் முதல் இரண்டு பெஞ்சிலேயே இருந்தார்களா, பெண்களின் பக்கம் ஆசிரியர் எத்தனை முறை திரும்பினார் என்பனவற்றை அவர் எண்ணிவிடுவார்.

போவதற்கு முன் பார்க்கப் போகிறவரைக் கேளுங்கள்: "நான் எதைக் கவனிக்கணும்னு நினைக்கிறீங்க?" அவர் ஒன்றைச் சொல்வார். அதை மட்டும் கவனியுங்கள். முடிந்ததும் அன்றே, டீ குடிக்கும் நேரத்தில், பார்த்ததைச் சொல்லுங்கள். தீர்ப்புச் சொல்லாதீர்கள். "டல்லா இருந்துச்சு மேடம்" என்பது உதவாது. "கேள்வி கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லிட்டீங்க, அஞ்சு தடவை" என்பது உதவும். அடுத்த வாரம் அவர் உங்கள் வகுப்புக்கு வரட்டும். இருவழியாக நடக்கும்போதுதான் கூச்சம் போகும். இந்தக் குறிப்புகள் எந்தக் கோப்புக்கும் போகக் கூடாது. அது ஒரு முறை மீறப்பட்டால், பிறகு யாரும் உண்மையான வகுப்பைக் காட்ட மாட்டார்கள்.

கற்பிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் மருத்துவக் கல்வியில் நமக்கு அருகிலேயே வேரூன்றியிருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் ஆசிரியப் பயிற்சிக்கான தேசிய மையம் 1970களிலிருந்தே இயங்கி வருகிறது. மருத்துவ ஆசிரியர்கள் மருத்துவக் கல்வி பற்றிய அடிப்படைப் பயிற்சி பெற்றாக வேண்டும். 2019இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதல் திறன் சார்ந்த பாடத்திட்டம் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் எழுதிப் பரப்பிய ஆஸ்கி தேர்வுமுறையில், மாணவர் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், நோயாளியிடம் வரலாறு கேட்க வேண்டும், ஊசி போட்டுக் காட்ட வேண்டும். இந்த முறையை வேளாண் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. ஒரு மேசையில் பூச்சி அரித்த இலை, அடுத்ததில் மண் மாதிரி, அடுத்ததில் ஓடாத பம்புசெட். ஜிப்மர் கிளையில் ஆஸ்கி நடக்கும் நாளில் மற்ற கல்லூரி ஆசிரியர்கள் சிலர் அனுமதி பெற்று ஒரு ஓரமாக நின்று பார்த்தால், எந்தப் பயிலரங்கும் தராததைக் கற்றுத் திரும்புவார்கள்.

யாரைப் பாராட்டுவது, என்ன கொடுப்பது

சிறிய ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தேர்வுக்குழுவில் இருப்பவரின் மகள் விண்ணப்பித்தவரிடம் படித்திருப்பாள். ஆகவே தேர்வுக்குழுவில் பாதிப் பேராவது பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வரட்டும். விண்ணப்பம் கேட்காதீர்கள். தன்னைப் பற்றி நன்றாக எழுதத் தெரிந்தவரே விண்ணப்பத்தில் வெல்வார். நல்ல ஆசிரியர்கள் பலர் தங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதவே கூசுபவர்கள். சக ஆசிரியரோ பழைய மாணவரோ பெயர் சொல்லட்டும், குழு மேலே சொன்ன கேள்வித்தாள், விடைத்தாள், ரெக்கார்டு நோட்டுகளைத் தானே போய் எடுத்துப் பார்க்கட்டும்.

கௌரவ விரிவுரையாளர்களையும் ஒப்பந்த ஆசிரியர்களையும் விட்டுவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல துறைகளில் முதலாமாண்டு வகுப்புகளை, அதாவது மாணவர் படிப்பை விட்டுப் போவதா இருப்பதா என்று முடிவு செய்யும் வகுப்புகளை, அவர்கள்தான் எடுக்கிறார்கள். விருது விதிகளில் "நிரந்தரப் பணியில் இத்தனை ஆண்டு" என்ற ஒரு வரி அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. உங்கள் கல்லூரி அளவிலான பாராட்டில் அந்த வரியை எழுதாமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆய்வக உதவியாளரும் நூலகரும் கூட இதில் வர வேண்டும். பல செய்முறைத் தேர்வுகள் நல்லபடியாக நடப்பது அவர்களால்தான்.

என்ன கொடுப்பது? சால்வையும் கேடயமும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நல்ல ஆசிரியருக்குப் பற்றாக்குறையாக இருப்பது நேரம். மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணிநேரம் நேரடிக் கற்பித்தல், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. இதற்கு மேல் சேர்க்கைக் குழு, தேர்வுப் பணி, தரவு கேட்டு வரும் படிவங்கள். பாராட்டுப் பெற்றவருக்கு அடுத்த செமஸ்டரில் வாரம் இரண்டு மணிநேரம் குறைத்துக் கொடுங்கள். பதினைந்து வாரங்களுக்கு முப்பது மணிநேரம். அதில் அவர் தன் பாடத்துக்குப் புதிய கேள்வி வங்கி எழுதலாம், தமிழில் ஒரு கலைச்சொல் கையேடு தயாரிக்கலாம், இளைய ஆசிரியர் இருவரின் வகுப்புக்குப் போகலாம். அந்த இரண்டு மணிநேரத்தை யார் எடுப்பது என்பதையும் நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். சக ஆசிரியர் தலையில் அது விழுந்தால் பாராட்டு பகையாகிவிடும். நல்லாசிரியர் என்று பெயர் வாங்கியவரையே எல்லாக் கமிட்டியிலும் போடும் வழக்கத்தையும் அன்றோடு நிறுத்துங்கள்.

சிறு தொகை ஒன்றும் ஒதுக்குங்கள். பஸ் வாடகை, மண் பரிசோதனைக் கருவி, நகலெடுக்கும் செலவு போன்றவற்றுக்கு ஆசிரியர் தன் பையிலிருந்து போட்டுக்கொண்டு பில் கேட்கக் கூசுவது நமக்கெல்லாம் தெரியும். முன்பணமாகக் கொடுத்து எளிய கணக்கு வாங்கினால் போதும்.

கற்றலுக்கும் துணை வேண்டும்

ஆசிரியர் மட்டும் நன்றாக இருந்து பயனில்லை. ஒற்றைப்படை செமஸ்டரின் பின்பாதி வடகிழக்குப் பருவமழையில் விழுகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது இந்தக் கரையோரம் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. பெரிய புயல் வராத ஆண்டிலும் மழை விடுமுறை உண்டு. ஆகவே கடினமான பகுதிகளை ஆகஸ்ட், செப்டம்பரில் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பருக்குத் திருப்புதலையும் செமினாரையும் தள்ளுங்கள். பாடத்திட்ட வரிசையை இப்படி மாற்றியமைத்த ஆசிரியரைக் கண்டால் அதுவும் பாராட்டுக்குரிய வேலைதான்.

நாகப்பட்டினம், மயிலாடுதுறை, பேரளம் பக்கமிருந்து வரும் மாணவர்களுக்குக் கடைசி பஸ்தான் நூலக நேரத்தைத் தீர்மானிக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் நூலகம் திறந்திருப்பதாகச் சொல்வதைவிட, மதிய இடைவேளையை அடுத்து வாரத்தில் இரண்டு நாள் ஒரு பீரியடைக் காலியாக விட்டு, அதைச் சேர்ந்து படிக்கும் நேரமாக ஆக்குவது உதவும். அந்த நேரத்தில் சீனியர் மாணவர் ஒருவர் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அப்படிச் சொல்லிக்கொடுக்கும் மாணவரின் பெயரும் ஆண்டு விழாவில் வாசிக்கப்பட வேண்டும். ரேங்க் வாங்கியவரின் பெயரோடு சேர்த்து, அதே குரலில்.

தொடங்குவது எப்படி என்று கேட்பீர்கள். முதல் ஆண்டு இரண்டு கல்லூரிகள் போதும். ஒவ்வொன்றிலும் மனமுவந்து முன்வரும் நான்கு ஆசிரியர்கள். ஜூலையில் ஜோடி சேருங்கள், ஆகஸ்டில் கேள்வித்தாள்களை மாற்றிப் படியுங்கள், செப்டம்பரில் ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்காருங்கள், மழைக்காலத்தில் விடைத்தாள்களைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஜனவரியில் அந்த எட்டுப் பேரும் ஒரு மதியம் கூடி, தாங்கள் பார்த்ததில் சிறந்த ஒன்றை, ஒரு கேள்வியாகவோ ஒரு செய்முறையாகவோ ஒரு திருத்தக் குறிப்பாகவோ, மற்றக் கல்லூரி ஆசிரியர்களுக்கு விளக்கட்டும். யாருடையதைச் சொல்கிறார்களோ அவருக்கு முதல்வர் ஒரு கடிதம் எழுதட்டும். "சிறந்த சேவைக்காக" என்று பொதுவாக எழுத வேண்டாம். எந்தப் பாடம், எந்தக் கேள்வி, அதனால் எந்த மாணவரால் எதைச் செய்ய முடிந்தது என்று எழுதட்டும். அந்தக் கடிதத்தின் ஒரு நகல் அவருடைய பணிப்பதிவேட்டுக்கும், இன்னொரு நகல் அந்தக் கேள்வித்தாளோடு சேர்த்துத் துறை நூலகத்துக்கும் போகட்டும்.